காகிதப் புழுவும் கறிவேப்பிலைப் புழுவும்

குழந்தைக்குப் பொய் சொல்லலாகாது என்ற அறத்தை வாயளவில் மறுப்பார் நம்மில் எவருமிலர். ஆயினும், காலை முதல் இரவு வரை நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் பொய்களை ஒருவர் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா. சோறு உண்ணாவிடில் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான் என்கிறோம். தம்பிப் பாப்பா எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் விலைக்கு வாங்கினோம் என்கிறோம். கூரைமேல் ஆந்தை கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று நடுங்கி, அந்த நடுக்கத்தையே பிள்ளைகளுக்குச் சீதனமாக வைத்துவிட்டுப் போகிறோம். இவையெல்லாம் சோம்பலினாலும் அச்சத்தினாலும் பிறந்த பொய்கள். இவற்றைக் கண்டிப்பது எளிது.

ஆனால், அன்பினால் சொல்லப்படும் பொய்யும் உண்டு. அழகுக்காகச் சொல்லப்படும் பொய்யும் உண்டு. அவை குற்றமா, அன்றா? இக்கேள்வியை நம்முன் வைத்தவர் ஒரு தத்துவாசிரியர் அல்லர்; ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி.

ஷா ஆலம் நகரில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் நமது நண்பர் ஒருவர், தம் மகளுக்கு ஒரு சித்திரப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தார். எரிக் கார்ல் என்னும் அமெரிக்க ஓவியர் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்ட, பெரும்பசி கொண்ட ஒரு கம்பளிப்புழுவின் கதை அது. வண்ணம் தீட்டிய மெல்லிய காகிதங்களை வெட்டி ஒட்டிச் செய்த படங்கள். ஏடுகளில் புழு தின்று சென்ற இடமெல்லாம் உண்மையாகவே துளைகள். அத்துளைகளில் விரலை நுழைத்து மகிழாத குழந்தை இல்லை. 60க்கு மேற்பட்ட மொழிகளில், 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம் அது. கதையின் இறுதியில் கொழுத்த புழு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு உள்ளே உறங்குகிறது. இரண்டு வாரத்திற்குமேல் சென்றதும் கூட்டைத் துளைத்துக்கொண்டு வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது.

அந்த வீட்டு முன்நடையில், நம்மவர் வீடுகளில் வழக்கம்போல, தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. அதில் ஒரு புழு வந்து சேர்ந்தது. எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் புழு. இளமையில் பறவையின் எச்சத்தைப்போலவே தோன்றிப் பகைவரை ஏமாற்றும். வளர்ந்த பின் பச்சை நிறங்கொண்டு இலையோடு இலையாய் மறையும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் வீசும். சிறுமி பள்ளி விட்டு வந்ததும் அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிடுவாள். புழு எப்போது கூடு கட்டும் என்று காத்திருந்தாள். அது கட்டவே இல்லை. குச்சியொன்றில் வாற்புறத்தை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு பட்டிழையைக் கட்டி, மரமேறி கயிற்றில் சாய்ந்ததுபோல் சாய்ந்துகொண்டது. மறுநாள் அதன் தோல் வெடித்துக் கழன்றது. உள்ளிருந்த பச்சையுடம்பே இறுகி உறையாயிற்று.

"அப்பா, புத்தகம் பொய் சொல்லுதா? இல்லே, நம்ம புழுவுக்குத்தான் வீடு கட்டத் தெரியலையா?" என்று அவள் கேட்டாள். நண்பருக்கு விடை தெரியவில்லை, நம்மிடம் வந்தார். அவருக்கு அன்று நாம் அரைகுறையாய்ச் சொன்னதை இங்கே விரித்துச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் நடந்த உண்மை. பட்டு நூலால் தன்னைச் சுற்றிக் கூடு பின்னுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் வழக்கம், பட்டுப்பூச்சியும் அவ்வினத்ததே. வண்ணத்துப்பூச்சியின் புழுவோ கடைசித் தோலை உரித்ததும், அடியிலிருந்த உடம்பின் மேற்புறமே கெட்டிப்பட்டு உறையாகிறது. குளிர்நாடுகளின் மலைப்பகுதிகளில் வாழும் சில வண்ணத்துப்பூச்சிகள் மெல்லிய கூடு பின்னுவதுண்டு, அது விதிவிலக்கு. ஆகவே, சிறுமி கண்டதே உலகில் பெருவழக்கு. புத்தகத்தில் உள்ளது பிழை. இப்பிழையைப் பலர் கார்லுக்கு எடுத்துக் காட்டினர். அவரும் அந்த விதிவிலக்கை அறிந்திருந்தார். ஆயினும் அவர் கூறிய உண்மையான காரணம் வேறு. சிறு வயதில் அவர் ஒதுங்கி நின்றால், கூட்டைவிட்டு வெளியே வா என்று அவர் தந்தையார் அழைப்பாராம். அந்தச் சொல்லின் நினைவே தமக்குப் பெரிதென்றும், இந்த இடத்தில் விஞ்ஞானத்தைக் காட்டிலும் கவிதையே வென்றதென்றும் அவர் சொன்னார்.

இவ்விடையை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. அத்தந்தையின் கதை அப்படிப்பட்டது. 1929-இல் அமெரிக்காவில் பிறந்த கார்ல், ஆறு வயதில் பெற்றோருடன் அவர்களது தாய்நாடாகிய ஜெர்மனிக்குச் சென்றார். தந்தையார் அவரைக் கையைப் பிடித்து வயல்வெளிக்கு அழைத்துச் சென்று, கல்லைப் புரட்டி அடியிலுள்ள பூச்சிகளைக் காட்டிவிட்டு, கல்லை மீண்டும் இருந்தபடியே மெல்ல வைப்பவர். உலகப்போர் அந்தத் தந்தையைப் பட்டாளத்திற்கு இழுத்துச் சென்றது. சோவியத் சிறையிலிருந்து எலும்பும் தோலுமாய் 1947-இல்தான் திரும்பி வந்தார். 2021-இல் தமது 91-ஆம் வயதில் மறைந்த கார்ல், வாழ்நாளெல்லாம் வெட்டி ஒட்டிய சிறு பூச்சிகள் யாவும் அந்தத் தந்தைக்கு மகன் செலுத்திய கடன் என்றே சொல்லலாம். அன்பினால் பிறந்த பொய் என்று நாம் மேலே சொன்னது இதனையே.

அப்படியானால் அன்பு பொய்யை மெய்யாக்கிவிடுமா? இங்கேதான் நாம் நிதானித்துச் சிந்திக்க வேண்டும்.

அதே புத்தகத்தில் அந்தப் புழு சனிக்கிழமையன்று சாக்லேட் கேக்கையும் ஐஸ்கிரீமையும் தின்கிறது. எந்தப் புழுவும் ஐஸ்கிரீம் தின்னாது. கறிவேப்பிலைப் புழு தன் இனச் செடியின் இலையன்றிப் பிறிதொன்றை ஏறிட்டும் பாராது. ஆயினும் இதனைப் பொய் என்று எந்தக் குழந்தையும் முறையிட்டதில்லை. ஏன்? அது விளையாட்டு என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்ட குழந்தைக்கும் தெரியும். இருவரும் அறிந்தே ஆடும் ஆட்டத்தில் வஞ்சனை இல்லை. பாட்டி சொல்லும் கதையில் நரி பேசுகிறது; நரி பேசாது என்று அறிந்த பிள்ளையே அதைக் கேட்டு மிகுதியாய்ச் சிரிக்கிறது. ஆனால், கூடு கட்டிய செய்தி அத்தகையதன்று. அதைக் குழந்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை. அது தகவலாகச் சொல்லப்படுகிறது. குழந்தை அதை நம்புகிறது. செடியின் எதிரில் போய்க் காத்திருக்கிறது. ஒருவர் மட்டும் அறிந்து, மற்றவர் அறியாமல் நடப்பதே வஞ்சனை. ஆகவே, குழந்தைக்குக் கற்பனை சொல்லலாமா என்பது கேள்வியன்று. கற்பனை என்று அறிய வழியில்லாத இடத்தில் கற்பனையை மெய்யென்று விற்கலாமா என்பதே கேள்வி. கூடாது என்பது நமது முடிவு.

இதற்கு ஒரு தடை சொல்லப்படும். இவ்வளவு கண்டிப்பாக நின்றால் சித்திரக்காரனின் கையைக் கட்டிவிட மாட்டோமா? குதிரையைக் குதிரையின் நிறத்தில்தான் எழுத வேண்டுமென்று சட்டம் போடும் கொடுங்கோலருக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? இத்தடைக்கும் கார்லின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. ஹிட்லரின் ஆட்சியில் புதுமுறை ஓவியங்கள் இழிந்த கலையென்று விலக்கப்பட்டிருந்தன. அந்நாளில் கார்லின் சித்திர ஆசிரியர், தமக்கு நேரக்கூடிய தீங்கையும் பாராமல், விலக்கப்பட்ட படங்களை அச்சிறுவனுக்கு இரகசியமாய்க் காட்டினார். அப்படி விலக்கப்பட்டோருள் ஒருவர் பிரான்ஸ் மார்க். நீலக் குதிரைகளை எழுதியவர். கார்ல் தமது 82-ஆம் வயதில், 2011-இல், நீலக் குதிரை எழுதும் ஓர் ஓவியனைப் பற்றியே ஒரு சித்திரப் புத்தகம் வெளியிட்டார். நீலக் குதிரை பொய்யன்று. குதிரை நீலநிறம் என்று அது யாரையும் நம்பச் சொல்லவில்லை. குதிரையைக் கண்டு ஓர் உள்ளம் கொண்ட மகிழ்ச்சியையே அது சொல்லுகிறது. அந்த மகிழ்ச்சி மெய். நிறத்தையும் வடிவத்தையும் பற்றி ஓவியனுக்கு நாம் விதி வகுக்கவில்லை. இப்படித்தான் நடக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லும்போது, நடப்பதையே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

காகிதத்தை வெட்டி ஒட்டும் இக்கலையில் இயல்பாகவே ஒரு நேர்மை உண்டென்று நாம் கருதுகிறோம். இன்று கணினிப் பொறியொன்றிடம் கேட்டால், உலகில் எக்காலத்தும் இருந்திராத ஒரு வண்ணத்துப்பூச்சியை, புகைப்படமோ என்று பெரியவர்களே மயங்கும்படி, நொடிப்பொழுதில் எழுதித் தந்துவிடுகிறது. அதன் கால்களை எண்ணிப் பார்ப்பார் யார்? வெட்டிய காகிதமோ தன்னை ஒளிப்பதில்லை. விளிம்பு தெரிகிறது, ஒட்டின் நிழல் தெரிகிறது, நான் காகிதம், புழுவன்று என்று அது வெளிப்படையாய்ச் சொல்லிவிட்டே புழுவைக் காட்டுகிறது. அன்றியும், கத்தரிக்கோல் ஏந்தியவன் மழுப்ப முடியாது. தூரிகையால் தீட்டுகிறவன் ஐயமுள்ள இடத்தை மங்கலாக்கிவிட்டுப் போகலாம். வெட்டுகிறவன் இலையின் ஓரம் எங்கே வளைகிறது, இறக்கை எங்கே முடிகிறது என்று தீர்மானித்தே தீரவேண்டும். அதற்கு அவன் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இதற்குச் சான்றாக ஒரு மூதாட்டியைச் சொல்லுவோம். இங்கிலாந்தில் மேரி டிலானி என்னும் கைம்பெண், 1772-ஆம் ஆண்டில், தமது 72-ஆம் வயதில், மேசைமேல் கிடந்த சிவந்த காகிதமொன்று அருகிலிருந்த மலரின் இதழ்நிறத்தோடு ஒத்திருக்கக் கண்டு, கத்தரிக்கோலை எடுத்து அம்மலரைக் காகிதத்தில் வெட்டினார். பார்த்த தோழி அதை மெய்ம்மலரென்றே எண்ணினாராம். அடுத்த பத்தாண்டுகளில், கண்பார்வை மங்கும் வரை, கறுப்புப் பின்னணியின்மேல் ஏறக்குறைய ஆயிரம் செடிகொடிகளைக் காகிதத்தில் ஆக்கினார். இன்றும் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. தாவர நூல் வல்லவரான ஜோசப் பேங்க்ஸ், பிழைக்கு அஞ்சாமல் ஒரு செடியை வருணிக்கத் தாம் நம்பத்தக்க படங்கள் இவையே என்று கூறியதாகச் சொல்வர். இக்காலத்தில் ஸ்டீவ் ஜெங்கின்ஸ் என்னும் அமெரிக்கர் இதே வழியில் குழந்தைகளுக்காக உழைத்தார், 2021-இல் காலமானார். 2004-இல் அவர் வெளியிட்ட புத்தகம் ஒன்றில், பிராணிகள் யாவும் உள்ளபடியான அளவிலேயே காகிதத்தில் வெட்டிக் காட்டப்பட்டிருக்கின்றன. கொரில்லாவின் கையும், ஆழ்கடல் கணவாயின் கண்ணும் ஏட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பிராணி முழுதும் ஏட்டில் அடங்காவிட்டால் அதைச் சுருக்கவில்லை. அடங்கும் உறுப்பை மட்டும் காட்டினார். குழந்தை தன் கையைக் கொரில்லாவின் கைமேல் வைத்து அளந்து பார்க்கிறது. மெய்யும் கதையைப்போலவே வியப்பூட்டும் என்பதற்கு இதனினும் வேறென்ன சான்று வேண்டும்?

இதுவரை பேசியது சொல்லப்பட்ட பொய்யைப் பற்றி. சொல்லாமல் விடுவதால் விளையும் பொய் ஒன்றும் உண்டு. நம் குழந்தைகளின் விஷயத்தில் அதுவே பெரும்பொய் என்று நாம் அஞ்சுகிறோம்.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பவர் 1962-இல் ஒரு சித்திரப் புத்தகம் செய்தார். பனி பெய்த நாளில் வெளியே சென்று விளையாடும் ஒரு சிறுவனின் கதை. அதுவும் காகிதத்தையும் துணியையும் வெட்டி ஒட்டிச் செய்ததே. அதில் வரும் சிறுவன் கறுப்பினத்தவன். அமெரிக்காவின் புகழ்பெற்ற சித்திரப் புத்தகங்களில் அதுகாறும் கறுப்புச் சிறுவன் கதாநாயகனாய் வந்தது அரிதினும் அரிது. கீட்ஸ் கறுப்பினத்தவர் அல்லர். போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதர்களின் மகன். பத்திரிகையில் வந்த ஒரு கறுப்புச் சிறுவனின் படங்களை வெட்டி இருபது ஆண்டுகள் பத்திரமாய் வைத்திருந்து, தமக்கென ஒரு புத்தகம் எழுத வாய்த்தபோது அவனையே நாயகனாக்கினார். 1963-இல் அந்நாட்டின் உயர்ந்த சித்திரப் புத்தகப் பரிசாகிய கால்டெகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது. பனி எல்லாக் குழந்தைகள்மீதும்தான் பெய்தது. ஆனால் புத்தகங்களில் மட்டும் அது வெள்ளைக் குழந்தைகள்மீதே பெய்துகொண்டிருந்தது. எந்த ஏட்டிலும் தவறான வரி ஒன்றும் இல்லை. எனினும் எல்லா ஏடுகளும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தன.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். ஷா ஆலம் என்னும் இந்நகரம் எழுந்த மண் எது? சுங்கை ரெங்கம் முதலிய ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருந்த மண். 1963-இல் நகர் அமைக்கும் பணி தொடங்கிற்று. 1978-இல் அது சிலாங்கூரின் தலைநகராயிற்று. 2000-இல் மாநகரத் தகுதி பெற்றது. லயத்து வீடுகளிலிருந்து வெளியேறியோரின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். அவர்கள் கையிலுள்ள சித்திரப் புத்தகங்களில் ஆப்பிள் மரம் உண்டு, பனிமனிதன் உண்டு, இலையுதிர்காலம் உண்டு. இந்நகரின் தாவரவியல் பூங்காவிலுங்கூட நான்கு பருவங்களையும் காட்டும் குளிர்மனை ஒன்று அமைக்கப்பட்டது. அயல்நாட்டுப் பனியைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால், ஆண்டுக்கொருமுறை ரப்பர்மரம் இலை முழுதும் உதிர்த்துச் சிவந்து தளிர்க்கும் பருவம் நம் பாட்டிமாருக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாது. வெயிலில் ரப்பர்க்காய் படீரென்று வெடித்து விதை தெறிப்பதையும், அவ்விதையைத் தரையில் சூடேறத் தேய்த்துத் தோழன் கையில் வைத்து அலறச் செய்ததையும் தாத்தா அறிவார். எந்தப் புத்தகம் அதைச் சொல்லுகிறது? நம் குழந்தை புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம், இயற்கை என்பது வேறெங்கோ இருக்கிறது, நம் இடத்தில் இல்லை என்ற பாடத்தையே கற்கிறது. அது பொய்.

சொல்லத்தக்க பொருள் நம்மிடம் இல்லையென்பதும் பொய். தோட்டத்தில் வேலை செய்த நம் தாய்மார்களைக் கேளுங்கள். 1981-க்கு முன் இந்நாட்டில் செம்பனை செழித்துக் காய்க்க, பூந்தாதைத் தொழிலாளர்கள் கையால் தூவ வேண்டியிருந்தது. அவ்வேலையில் பெண்கள் பலர் ஈடுபட்டிருந்தனர். அவ்வாண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து அரிசியளவேயான ஒரு கூன்வண்டு கொண்டுவந்து விடப்பட்டது. செம்பனையின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா. அம்மரத்தின் பழைய நண்பனே அவ்வண்டு. சில காலத்திற்குள் பல்லாயிரம் கைகள் செய்த வேலையை அது ஏற்றுக்கொண்டது. ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கறிவேப்பிலையும் அதை வைத்தவர்களும் இந்தியாவிலிருந்து வந்தனர். இப்படி வந்தோரெல்லாம் சேர்ந்து ஒரு மண்ணை வாழ வைத்த கதையைக் காகிதத்தில் வெட்டிக் காட்டினால், எந்தக் குழந்தை கேட்க மாட்டேன் என்னும்?

ஆந்தையையே எடுத்துக்கொள்வோம். கூகை கத்தினால் கேடு என்று நாம் நடுங்குகிறோம். செம்பனைத் தோட்டங்களிலோ கம்பம் நட்டு, பெட்டி வைத்து, கூகையைக் குடியேற்றுகிறார்கள். அது இரவெல்லாம் எலிகளைப் பிடித்துக் காய்களைக் காக்கிறது. அதே தோட்டத்துத் தொழிலாளி பகலில் அப்பெட்டியின் அடியில் நின்று வேலை செய்துவிட்டு, இரவில் அதன் குரல் கேட்டுக் கதவைச் சாத்துகிறான் என்றால், அந்த அறியாமைக்கு யார் பொறுப்பு? நூறு பிரசங்கங்களால் ஓடாத மூடநம்பிக்கை, இதயவடிவான வெண்முகத்தோடு காகிதத்தில் வெட்டிய ஒரு கூகையைக் கண்டு குழந்தை சிரிக்கும் நாளில் ஓடிவிடும். அங்கிருந்து சற்றுத் தொலைவில், கோலா சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களின்மேல் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாய் ஒளிர்ந்து ஒன்றாய் அணைகின்றன. உலகோர் விமானமேறி வந்து பார்க்கும் அக்காட்சியைப் பக்கத்து ஊரில் உள்ள நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருப்பர்? கரையை வெட்டித் திருத்தினால் மரம் போகும். சேற்றில் நத்தையைத் தின்று வளரும் மின்மினிப் புழுவும் போகும். இதை அறிந்து வளரும் குழந்தையே நாளை அக்கரையைக் காப்பாற்றும்.

யார் செய்வது, எதைக்கொண்டு செய்வது என்று கேட்கலாம். இக்கலை நமக்கு அந்நியமன்று. கலியாணப் பந்தலில் தென்னங்குருத்தை ஒரு சிறு கத்தியால் நறுக்கி மடித்துக் கிளியும் பூவுமாய்த் தோரணம் கட்டும் முதியவர்கள் இந்நாட்டில் இன்னும் இருக்கின்றனர். தாய்நாட்டுத் தோற்பாவைக் கூத்திலும், கிளந்தானின் வாயாங் கூலிட்டிலும் தோலை வெட்டித் துளையிட்டு ஒளி பாயச் செய்யும் வித்தை உண்டு. கிள்ளான் கடைவீதியில் சீனர்கள் புத்தாண்டுக்குச் சிவந்த காகிதத்தை வெட்டி ஒட்டுவதைக் காணாதார் யார்? மூன்று இனத்தவரும் கத்தியும் கத்தரியும் அறிந்தவர்களே. சென்னையில் 1994 முதல் நடந்துவரும் தாரா புக்ஸ் நிறுவனம், மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் எழுதிய மரங்களைக் கறுப்புக் கையாக்கக் காகிதத்தில் அச்சிட்டு, 2006-இல் வெளியிட்ட புத்தகம் உலகெங்கும் சென்றது. அது வெட்டுக் காகிதப் படமன்று; எனினும், ஒரு மரத்தடியில் வாழ்ந்தவரே அம்மரத்தை உலகுக்குக் காட்டவல்லார் என்பதை அது மெய்ப்பித்தது. சென்னைத் தூலிகா பதிப்பகமும், பெங்களூரின் பிரதம் புக்ஸும் குழந்தைகளுக்குத் தமிழில் சித்திரப் புத்தகங்கள் தந்து வருகின்றன. ஆயினும் செம்பனை வண்டையும் ரப்பர் விதையையும் அவர்கள் வந்து எழுதித் தருவார்களென்று நாம் காத்திருப்பது முறையாகாது.

இந்நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரே ஒரு புத்தகம், தன் சுற்றுப்புறத்துப் பிராணி ஒன்றைப் பற்றி, பிள்ளைகள் கையாலேயே வெட்டி ஒட்டிச் செய்யட்டும். பழைய நாட்காட்டியும் பத்திரிகைத் தாளும் பசையும் போதும். ஒரு நாள் விழாவுக்கு வாங்கும் பட்டாசின் விலைகூட ஆகாது. சங்கங்களும் ஆலயக் குழுக்களும் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை அவற்றை அச்சிடத் தந்தால், நம் தலைமுறை செய்த பிழைகளில் ஒன்றேனும் தீரும்.

கடைசியாக, அச்சிறுமியிடம் திரும்புவோம். புத்தகத்தை அவளிடமிருந்து பறிக்க வேண்டாம் என்றே நண்பரிடம் கூறினோம். அது நல்ல புத்தகம். அது இல்லாவிடில் அவள் கறிவேப்பிலைத் தொட்டியின் முன் உட்கார்ந்தே இருக்க மாட்டாள். இதை எழுதியவர் மிகவும் நல்லவர், ஆனால் இந்த இடத்தில் தவறிவிட்டார். நீ கண்டதுதான் சரி என்று அவளிடம் சொல்லுங்கள் என்றோம். பெரியவரும் அச்செழுத்தும் தவறக்கூடும், தன் கண் சரியாகக் காணக்கூடும் என்பதை ஏழு வயதில் ஒரு தமிழ்ப் பெண்குழந்தை அறிந்துகொண்டால், பகுத்தறிவைப் பற்றி அவளுக்கு நாம் வேறு புத்தகம் கொடுக்கத் தேவையில்லை.

நண்பர் அப்படியே சொன்னார். அவள் தன் புழுவைத் தானே வெட்ட உட்கார்ந்தாள். கால்கள் எத்தனை என்ற ஐயம் வந்தது, செடியில் மற்றொரு புழு இருந்தது, போய் எண்ணினாள். முன்னால் ஆறு, பின்னால் பத்து. உறைக்குப் பச்சைக் காகிதம் வெட்டி, தாயின் தையற்பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை நூலெடுத்து இடுப்பில் கட்டினாள். படத்திற்குக் கீழே என்ன பெயர் எழுதுவது என்று தந்தையைக் கேட்டாள். பள்ளிப் பாடத்தில் உள்ள பெயர் கூட்டுப்புழு. கூடே இல்லாததற்குக் கூட்டுப்புழு என்று பெயரா என்று அவர் மறுபடியும் நம்மிடம் ஓடிவந்தார். கார்லின் பிழை தமிழிலும் புகுந்து கிடக்கிறதே என்று நாமும் முதலில் திகைத்தோம். பின்னர் நினைவு வந்தது. தமிழில் கூடு என்றால் உடம்பும் ஆகும். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்கிறோம் அல்லவா? வெளியே ஒன்றைக் கட்டாமல் தன்னுடம்பையே கூடாக்கிக்கொள்ளும் அவ்வுயிருக்கு அப்பெயர் பொருந்தவே செய்கிறது. கூட்டுப்புழு என்றே எழுதச் சொன்னோம்.

பத்து நாள் கழித்து, ஒரு காலை, அந்த உறை வெடித்து வண்ணத்துப்பூச்சி வெளிவந்தது. அன்று அவள் பள்ளிக்குத் தாமதமாய்ப் போனாள். ஏன் தாமதம் என்று ஆசிரியை கேட்டபோது அவள் உண்மையையே சொன்னாளாம்.